மேவ் கேட்டதும் நான் சொல்லாததும்

அன்புள்ள அம்மாவுக்கு,

சனிக்கிழமை ஒரு பெண்ணிடம் "இங்கே வராதே" என்று சொல்லியிருக்க வேண்டும்; நான் சொல்லவில்லை.

உங்கள் முதுகுவலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் நலம்.

எங்கள் ஓட்ட அணியில் சேரலாமா என்று கல்லூரியைப் பார்த்துப்போக அயோவாவிலிருந்து மேவ் என்ற பள்ளி மாணவி வந்திருந்தாள். அவளைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. இப்படி யாராவது வரும் நாளில் உடை மாற்றும் அறையில் இருக்கும் எடை இயந்திரத்தைத் துண்டு போட்டு மூடிவிடுவோம். காலை உணவுக்குப் பான்கேக், மேலே ஊற்ற இனிப்பு சிரப்போடு, மலைபோல் வரும். நாங்களும் சாப்பிட்டாக வேண்டும்.

"இவ்வளவா! எங்க ஸ்கூல் கோச் பாத்தா மயக்கம் போட்டுருவாரு," என்று சிரித்தாள் மேவ்.

"நம்ம பொண்ணுங்க குதிரை மாதிரி தின்பாங்க," என்றார் எங்கள் பயிற்சியாளர், என் தோளில் கைவைத்தபடி.

அவர் நகர்ந்ததும் மேவ் காதோடு கேட்டாள்: "இங்க வாராவாரம் எடை பாப்பாங்களாமே, நிஜமா?"

"சிரப்ப ஊத்திக்க, ஆறிடப் போகுது," என்றேன். பயிற்சியாளர் சம்மதித்தால்தான் அடுத்த ஆண்டுக்கு என் உதவித்தொகை.

திங்கட்கிழமை துண்டை எடுத்தோம். சாப்பிட்டதற்காக ஆளுக்கு ஐந்து மைல் கூடுதலாக ஓடினோம்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் வாங்கிய பெல்ட் இருந்தால் அனுப்புங்கள். துவைத்துத் துவைத்துக் கால்சட்டைகள் தளர்ந்துவிட்டன. கூடவே உங்கள் கைப்பட ஏதாவது எழுதி வையுங்கள், மளிகைப் பட்டியலானாலும் சரி.

பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. மேவ் நேற்று எங்கள் கல்லூரியில் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

உங்கள் மகள்,
கோரா