வாசலில் விரித்த இரண்டு கன்றுத் தோல்கள்

பாய்,

பக்கத்து வீட்டுப் பசு இன்று விடியற்காலையில் கன்று போட்டது. ஒரு சொம்பு சீம்பால் கொடுத்தனுப்பினார்கள். என் மகள் வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு ஆவியில் வைத்திருக்கிறாள். வாசனை வீடு முழுக்க வந்துவிட்டது. மற்றவர்களுக்கு இந்த வாசனையில் நாக்கு ஊறும். எனக்குக் கோபம் ஊறுகிறது. இத்தனை வருஷம் அதைச் சொல்ல வழி தெரியவில்லை. இப்போது எழுதத் தெரிந்துவிட்டது, எழுதுகிறேன்.

ஆமாம் பாய், நானேதான். சம்பளத் தாளில் கட்டைவிரல் வைத்தவன். தெருவில் ஒரு பெண் சாயங்காலம் எங்களைப் போன்ற கிழடுகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் போகிறது. போகட்டும். எழுதின வரியைத் திரும்பப் படிக்கும்போது, இது என் கை எழுதினதுதானா என்று எனக்கே சிரிப்பு வருகிறது. மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாப்பா எழுதுற?”

“பாய்க்குக் கடுதாசி.”

“அவரு போய் ஒம்பது வருசம் ஆச்சே.”

“ஆவட்டும். திட்ட வேண்டியது மிச்சம் இருக்குது.”

“உயிரோட இருக்கும்போது திட்டறதுக்கு இன்னா? வாய்ல கொழுக்கட்டையா இருந்துது?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உன்னால் பிழைத்தவள் அவள். உன்மேல் எனக்குக் கோபம் வந்ததும் அவள் பிழைத்த அன்றுதான்.

அவளுக்கு முன்னால் பிறந்தவனைச் சொல்ல வேண்டும். உலகச் சண்டை முடிந்த வருஷம் என் தலைப்பிள்ளை பிறந்தான். என்னை வளர்த்த அக்காதான் பிரசவம் பார்த்தாள். தாய்க்கு முதலில் சுரந்த பால் மஞ்சளாகக் கெட்டியாக இருந்தது. அது கெட்ட பால், குடித்தால் மாந்தம் வரும் என்று அக்கா மூன்று நாளும் அதைக் கொட்டாங்கச்சியில் பீச்சி முருங்கை மரத்தடியில் ஊற்றினாள். பிள்ளைக்குத் துணித் திரியில் சர்க்கரைத் தண்ணீர், நடுநடுவே பாலாடையில் கழுதைப் பால். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நான்காம் நாள் கழிச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் பாலாற்றங்கரைக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன். நீயும் வந்தாய். மண் தள்ளினாய். அந்தப் பாலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் நாம் வேலை செய்த தோல் டேனரியில் உன் வாய் சும்மா இருந்ததா? உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை நாம் இரண்டு பேரும் ஒரே பலகையில் உதறித் தடவி ரகம் பிரித்தோம். கன்றுத் தோல் வந்தால் நீ உரக்கப் பேச ஆரம்பிப்பாய். சீம்பால் கிடைக்காமல் செத்த கன்றின் தோலில் மயிர் மங்கியிருக்கும், வயிற்றுப் பக்கம் காகிதமாக இருக்கும், வாலடியில் கழிச்சல் பட்ட கறை இருக்கும். அதைத் தூக்கிப் பிடித்து, முகம் தெரியாத மாட்டுக்காரனைத் திட்டுவாய். “அதும் புள்ளைக்கி உடாம கறந்துட்டான் பாரு, பேமானி.”

வெள்ளைக்காரன் போன மறு வருஷம் என் மகள் பிறந்தாள். அதே நாள் தெருவில் ஒரு எருமை ஈன்றது. அந்தச் சீம்பாலை வாங்கி அக்கா வேகவைத்தாள். உனக்கு ஒரு துண்டு இலையில் மடித்துக் கொண்டுவந்தேன். நீ பாதி தின்றுவிட்டுக் கேட்டாய்.

“கொழந்த பால் குடிக்குதா?”

“மூணு நாள் போவணும் பாய். அக்கா பீச்சி ஊத்திடுச்சி.”

நீ மெல்லுவதை நிறுத்தினாய். இலையை மடித்தாய். “எருமைக்கன்னோட பாலத் தூக்கியாந்து எனக்குக் குடுக்கற. உன் புள்ளையோட பால மரத்துக்கு ஊத்தற. உனக்கு இன்னா பைத்தியமா?”

குவியலிலிருந்து இரண்டு கன்றுத் தோல்களை உருவித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய். நான் பின்னால் ஓடினேன். கேட்டருகே மேஸ்திரி மறித்தான்.

“எங்கய்யா ரெண்டு பேரும்?”

“கொழந்த பாக்க.”

“தோலோடயா?”

“இதத்தான் அங்க காட்டணும்” என்றாய்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். “பச்சப் புள்ள இருக்கற வூட்டுக்கு நாத்தம் புடிச்ச தோல எடுத்தாந்துகீறியே பாய், நல்லா இருப்பியா?”

நீ தோல்களை மண்ணில் விரித்தாய். ஒன்று கொழுகொழுவென்று மினுங்கியது. இன்னொன்று விறைத்துச் சுருங்கியிருந்தது. “ரெண்டும் ஒரே வயசுக் கன்னு அக்கா. இது மொத பால் குடிச்சுது, அப்பறம் வேற எதுலயோ செத்துது. இது குடிக்கல. தொட்டுப் பாரு.”

“மாட்டுப் பேச்ச மாட்டோட வெச்சுக்க. இது மனுச ஜென்மம்.”

“மனுசனும் தாய்கிட்ட பால் குடிக்கறவன்தான் அக்கா. ஆடு பாத்ததில்லயா நீ? குட்டி எழுந்து நின்னதும் எங்க போவுது? மரத்தடிக்கா?”

தெருவே கூடிவிட்டது. ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, “பாய் தோல் விக்க வந்துகிறாரு” என்றாள். நீயும் அக்காவும் கத்திக்கொண்டிருக்கும்போதே உள்ளே பிள்ளையின் அழுகை நின்றது.

அழுகை நிற்பது என்றால் என்ன என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். அக்கா உள்ளே ஓடினாள். சற்று நேரம் கழித்து வெளியே வந்தவள் உன்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்: “குடிக்குது. அவளே எடுத்து வெச்சுகினா.”

நீ பேசியது என் மனைவிக்குத்தான் கேட்டிருக்கிறது.

டேனரிக்குத் திரும்பும் வழியில் எனக்குச் சந்தோஷம் பாதித் தெருவரைக்கும்தான் இருந்தது. பிறகு உன் சட்டையைப் பிடித்தேன். “மூணு வருசம் முன்ன இத ஏன் சொல்லல?”

நீ தோளிலிருந்த தோல்களைச் சரிசெய்துகொண்டாய். “உன் வூட்டுப் பழக்கம். பொம்பளைங்க சமாச்சாரம். நான் வேற வூட்டு ஆம்பள, எப்டிப்பா வாய் வெக்கறது? மரியாதையா இருக்குமா?”

அதற்குமேல் நாற்பது வருஷம் ஒரே பலகையில் உட்கார்ந்தோம். அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை. இன்று எடுக்கிறேன். யாரென்றே தெரியாத மாட்டுக்காரனைத் திட்ட உனக்கு மரியாதை குறுக்கே வரவில்லை. செத்துப்போன கன்றுக்காகக் கத்தினாய். உயிரோடு ஒன்பது நாள் கிடந்த என் பிள்ளைக்காகக் கத்தவில்லை. உன் பிள்ளைகளுக்கெல்லாம் பிறந்த அன்றே பால் கொடுக்க வைத்தவன் நீ. என் வீட்டு வாசலில் மட்டும் உனக்கு மரியாதை வந்துவிட்டது. என்ன மரியாதை பாய் அது?

போன வாரம் மாட்டு ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிறந்த கன்றுக்கு நோயைத் தடுக்கும் சக்தி சீம்பாலில்தான் வருகிறதாம். அதையும் முதல் நாளிலேயே கொடுக்க வேண்டுமாம், பிறகு கொடுத்தால் குடல் அதை வாங்கிக்கொள்ளாதாம். மனிதப் பிள்ளைக்கும் அந்த மஞ்சள் பால்தான் முதல் காவல் என்று எங்கள் தெருவுக்கு வரும் நர்ஸம்மா சொன்னாள். சுவரில் இருந்ததை மூன்று தரம் படித்தேன். படிக்க வந்தது என்று ஒரு பக்கம் குதூகலம். அடுத்த நிமிஷம் அந்தச் சுவரையே உதைக்கலாம் போல இருந்தது.

உன்னைத் திட்டி முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

கன்றுத் தோல் தடவியவன் நீ மட்டுமா? உன் பக்கத்திலேயே நானும் தடவினேன். தராசில் போடாமலே தோலின் எடையைச் சொல்கிறவன் என்று என்னைத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தலைப்பிள்ளை பிறந்ததும் முதலில் வாங்கினது இந்தக் கை. மறுநாள் தூக்கினபோது குறைந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் குறைந்திருந்தது. கைக்குத் தெரிந்தது பாய். நான் அக்காவை ஒரு கேள்வி கேட்கவில்லை. நீ வேற வூட்டு ஆம்பள. நான் அப்பன்.

ஆற்றங்கரைக்குப் போகும்போது நீ கை நீட்டி, “குடு, கொஞ்ச தூரம் நான் தூக்கறேன்” என்றாய். நான் கொடுக்கவில்லை. துக்கத்தில் கொடுக்கவில்லை என்று நினைத்திருப்பாய். வாங்கினால் எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று உன் கைக்கும் தெரிந்துவிடுமே என்றுதான் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அந்த எடையை நான் யாரிடமும் மாற்றிக் கொடுக்கவில்லை.