பட்டாணிப் பொட்டலம்

கடற்கரைச் சாலையில் ஓடக் கிளம்புமுன் அஞ்சலாட்சி வழக்கம்போல ஒரு சீட்டு எழுதினாள். இரவு ஷிப்ட் முடிந்து அவள் கணவர் பக்கிரி ஊருக்கு வெளியே இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து வரும்போது அவள் வேலைக்குப் போயிருப்பாள். அவள் வேலை முடிந்து வரும்போது அவர் கிளம்பியிருப்பார். போன மாதம்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து ஓடினார்கள். ஒருநாள் திடீரென்று, “எனக்கு இதெல்லாம் சரிப்படாது, நீயே போ,” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூடப் பேச்சு சீட்டில்தான்.

“இட்லி மூடி வச்சிருக்கேன். கேஸ்காரர் வந்தா பழைய சிலிண்டரைக் குடுத்துடுங்க. எனக்குக் கெண்டைக்கால் சதை இன்னும் புடிச்சிக்கினுதான் இருக்கு. நீங்க கேக்கல, நானே சொல்றேன். ஒருநாள் நின்னா அப்படியே விட்டுடுவேன்னு பயம், அதான் மெதுவா ஓடிட்டு வரேன். ஃபிரீசர்ல இருக்கிற பட்டாணி என் காலுக்கு ஒத்தடம் குடுக்க வச்சது. குருமா வச்சிடாதீங்க.”

பேனாவை மூடிவிட்டு, பட்டாணி மிச்சமிருக்கிறதா என்று ஃபிரீசரைத் திறந்தாள். இருந்தது. ஆனால் அவருடைய நீலத் துண்டு பொட்டலத்தைச் சுற்றி ஈரத்தோடு உறைந்து, பிரிக்க வராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. துண்டில் வலித்தைலம் மணத்தது.

கை மரத்துப்போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சீட்டின் அடியில், இடமில்லாத இடத்தில், நெருக்கி எழுதினாள்:

“உங்களுக்கு எந்தக் கால்?”