பின்னாலையோ, பக்கத்தாலையோ: என்ரை இடுப்பு வெட்டின கதை

என்ரை இஞ்சாருங்கோ,

உங்களை இப்பிடிக் கூப்பிட்டே பழகிப்போச்சு. கடிதத்திலை பேர் எழுத வெக்கமாக் கிடக்கு. கொழும்பிலை தங்கச்சிக்கு இந்தப் புதினத்தைச் சொல்ல வெளிக்கிட, போன் அட்டை பாதியிலை முடிஞ்சுபோச்சு. உங்களோடை கதைக்க அட்டை தேவையில்லைத்தானே?

தை மாதம் இஞ்சை நொர்வேயிலை, புருசெத்திலை எங்கடை மாடிவீட்டுப் புளொக் வாசலிலை பனியிலை வழுக்கி விழுந்து இடுப்பு முறிஞ்சு போச்சு. ஆசுப்பத்திரியிலை ஒரு இளம் டொக்டர் பிள்ளை வந்து ஆறுதலாச் சொன்னா. தொடையெலும்பின்ரை நுனியிலை முறிஞ்ச பந்தை மட்டும் எடுத்துப்போட்டு இரும்புப் பந்து வைப்பினமாம்; அது இருக்கிற இடுப்புக் குழி என்ரை பழைய குழிதானாம். உள்ளை போக ரெண்டு வழி. பின்னாலை வெட்டினால் நடை வடிவா இருக்கும், ஆனால் கனக்கக் குனிஞ்சால் பந்து கழண்டுபோற பயம் கூட. பக்கத்தாலை வெட்டினால் கழண்டுபோறது குறைவு, ஆனால் தசை பலமிழந்து நொண்டக்கூடும்.

எங்கடை மூத்தவன் மொழிபெயர்த்தான்: "அம்மா, பின்னாலை வெட்டினால் நல்லா நடப்பீங்களாம்." அவ்வளவுதான்! குனியிற கதையை அப்பிடியே விழுங்கிப்போட்டான். நான் நொண்டுறதைப் பாக்க அவனுக்கு மனமில்லை, பாவம். பாலர் பள்ளியிலை இத்தனை வருசம் வேலை செய்தவளுக்கு நொர்வேஜியன் விளங்காதோ?

நேரை டொக்டரிட்டையே சொன்னன்: "என்ரை மனுசன் மண்ணுக்குள்ளை இருக்கிறார். வசந்தம் வந்தால் நான்தான் குனிஞ்சு பூ நடவேணும். பக்கத்தாலை வெட்டுங்கோ." மூத்தவன் வாயைப் பிளந்தான். அந்தப் பிள்ளை சிரிச்சுப்போட்டு, "இஞ்சை நாங்களும் கூடுதலா அப்பிடித்தான் செய்யிறனாங்கள்" எண்டா.

ஓம், நொண்டுறன். வாத்து மாதிரித்தான் நடை. நீங்கள் இருந்திருந்தால் நடிச்சுக் காட்டியே என்னைச் சிரிக்கவைச்சுச் சாகடிச்சிருப்பியள், என்ன?

இண்டைக்குப் பூக்கண்டு வாங்கிக்கொண்டு ரி-பான் ரயிலிலை வந்து இறங்கினன். பயந்து பயந்துதான் உங்கடை கல்லறையிலை முழங்கால் குத்தினன். குனிஞ்சன், கிண்டினன், நட்டன். பந்து அசையேல்லை! "மாதாவே!" எண்டு சந்தோசத்திலை கத்திப்போட்டன். எழும்பத்தான் ஏலாமல் போச்சு. பக்கத்துக் கல்லறைக்குத் தண்ணி விட வந்த நொர்வேக் கிழவன் ஓடிவந்து தூக்கிவிட்டார். முறைக்காதேங்கோ, கையை மட்டும்தான் பிடிச்சவர்.

உங்களுக்குப் பக்கத்திலை எனக்கெண்டு விட்டிருக்கிற இடத்திலையும் நாலைஞ்சு கண்டு நட்டனான். அது சும்மா கிடக்கவேண்டாம். ஒவ்வொரு வசந்தமும் நொண்டி நொண்டியெண்டாலும் வருவன், இது சத்தியம். வந்து நட்டுப்போட்டு வீட்டை போயிடுவன். தங்கிறதுக்கு மட்டும் இப்ப வரமாட்டன், பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ.

உங்கடை நொண்டி மனுசி,
றோசலின்