கிறேஸ் தூக்க வேண்டிய பிள்ளை

பெப். 6, 1996, செவ்வாய்

பனி கொட்டி ஓய்ந்து வெயில். கண் கூசுகிற வெயில், சூடு மட்டும் இல்லை. மாமாவை, இவரின் அப்பாவை, அடக்கம் செய்தாயிற்று.

பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். மொன்றியல் சொந்தக்காரர் பனியில் மாட்டுப்பட்டு வரவில்லை. இருந்தது ஐந்து பேர். பியூனரல் ஹோம்காரன் வெள்ளைக் கையுறைகளோடு என் மனிசன் ஜெயனைப் பார்க்கிறான். இவர் என்னைப் பார்க்கிறார். நான் என்ன, பெட்டியா தூக்குவது? பின்வரிசையிலிருந்து கிறேஸின் புருசன் சாமுவேல் எழும்பி வந்தார். “நான் பிடிக்கிறன் அண்ணை.” சறுக்குகிற ஐஸில் ஒரு அடி பிசகாமல் நடந்தார். மாமி அவர் கையைப் பிடித்து, “நல்லா இருப்பாய் தம்பி” என்றார்.

சேமக்காலையில் குழியைச் சுற்றிப் பச்சைக் கம்பளம். பெட்டியை எங்கள் கண்முன்னால் இறக்க மாட்டார்களாம். நாங்கள் போன பிறகு மெசின் இறக்குமாம். மண் கல்லாய் உறைந்து கிடக்கிறது, ஒரு பிடி அள்ள முடியாது. குருவானவர், வெள்ளைக்காரப் பெண், சின்னப் போத்தல் மணலால் பெட்டிமேல் சிலுவை போட்டார். “உவ்வளவுதானோ மண்?” என்று மாமி கேட்டார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பெப். 7, புதன்

ஞாயிறு மகனுக்கு, எங்கள் தம்பிக்கு, ஞானஸ்நானம். நிற்பாட்டுவார்கள் என்றே நினைத்தேன். சைவக்காரரான என் அம்மா வீட்டில் என்றால் முப்பத்தொராம் நாள் வரைக்கும் சாவுத் துடக்கு, கோயில் வாசலே மிதிக்க மாட்டோம். பயந்து பயந்து மாமியைக் கேட்டேன்.

“வேதக்காரருக்கு என்ன துடக்கு, பிள்ளை? லெந்து துடங்கினா ஈஸ்டர் மட்டும் காத்திருக்க வேணும். நாலு தலைமுறையா எங்கட ஆக்களுக்கு ஞானஸ்நானம் பிந்தினதில்லை. நடக்கட்டும்.”

ஊரில் ஒரே கோயிலில் ஞானஸ்நானம், ஒரே சேமக்காலையில் அடக்கம் என்று எந்நேரமும் சொல்கிற வீறாப்புத்தான். இன்றைக்கு அதுவும் பிடித்திருந்தது. கலியாணத்துக்காக வேதத்துக்கு வந்தவள் நான். மாமிமேல் மனமார மரியாதை வந்தது இன்றைக்குத்தான்.

செய்ய: ஞானஸ்நானச் சட்டை ஊற வைக்க (மாமா போட்டது, ஜெ. போட்டது, லேஸ் மஞ்சளாகிவிட்டது). ரோல்ஸ், பட்டிஸ் ஓடர். டயப்பர். கிறேஸுக்கு போன்.

கிறேஸ்தான் ஞானத்தாய், ஞானஸ்நானத் தொட்டியடியில் தம்பியைத் தூக்கப் போகிறவள். நேர்சிங் ஹோம் குசினியில் என்னோடு சமையல் வேலை. பிள்ளை பிறந்த அன்று ஜெ. இரண்டாவது வேலையில். ஆஸ்பத்திரியில் நான் நகம் பதியப் பிடித்தது அவள் கை. தம்பியை முதலில் தூக்கியதும் அவள்தான். போனில், “சாறி அயன் பண்ணி வைச்சிட்டன் அக்கா” என்று சிரிக்கிறாள்.

பெப். 8, வியாழன்

எழுதக் கை ஓடவில்லை.

ரெக்ஸ்டேலிலிருந்து மாமியின் தமக்கை போன். செத்தவீட்டில் சாமுவேலை மறித்து, சாதி பிடிக்கிற வழக்கமான விசாரணை வைத்தவவாம்: ஊரில எவடம், எந்த ஒழுங்கை, ஆரின்ர மோன். அதோடு விட்டாவா, லண்டன் சொந்தக்காரருக்கும் போன் அடித்து உறுதிப்படுத்திவிட்டா.

மாமி போனை வைத்துவிட்டுக் குசினிக்கு வந்தார். முகத்தில் இரத்தம் இல்லை.

“என்ர மனுசனைக் காவினது ஆரெண்டு தெரியுமோ உமக்கு?”

“சாமுவேல். ஏன்?”

“அவையள் எங்கட முன்வாசலால வந்த ஆக்களில்லை. நாலு தலைமுறையில நடக்காதது அவருக்கு நடந்து போச்சு.”

கையிலிருந்த பால் போத்தலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். வெட்கமில்லாமல் கேட்டும் விட்டேன். “வேதத்தில எல்லாரும் ஒண்டு எண்டுதானே மாமி என்னைத் தண்ணியில நனைச்சனியள்?”

“அது வேற கதை. பிள்ளையை அந்தக் கிறேஸ் தூக்கக் கூடாது.”

“தூக்குவா.”

சாவுக்குத் துடக்கில்லை, சாமுவேலின் கைக்குத் துடக்கு! திருவிருந்து நேரம் மாமி ஏன் முதல் ஆளாய் எழும்பி ஓடுகிறார் என்று இப்போது விளங்குகிறது. எல்லாருக்கும் ஒரே பாத்திரம். வேறு யாரும் வாய் வைக்க முதல் இவர் வைக்க வேண்டும். இத்தனை நாளும் அதைப் பக்தி என்று நினைத்தேனே.

ஜெ. வேலையால் வந்ததும் எல்லாம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். “நான் பாத்துக்கொள்ளுறன். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்.”

மனம் கொஞ்சம் ஆறியது.

பெப். 10, சனி

மைனஸ் பதினைந்து. சட்டை வெளுத்துவிட்டது. ரோல்ஸ் வந்தது, உறைப்புக் காணாது.

மாமி அந்தக் கதையைத் திரும்ப எடுக்கவில்லை. சண்டையும் இல்லை. யூனியன்விலிலிருந்து ஜெ.யின் தங்கை மாலா வந்து நிற்கிறாள், புதுச் சாறியோடு. கிறேஸ் வீட்டு போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கிறாள் இல்லை. “வேலைக்குப் போயிருப்பா” என்கிறார் ஜெ.

பெப். 11, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோயிலில் கிறேஸ் இல்லை. “பஸ் பிந்தியிருக்கும்” என்றார் ஜெ. பாட்டு, பிரசங்கம் எல்லாம் முடிந்தது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குருவானவர் தொட்டியடிக்கு எங்களைக் கூப்பிட்டார். மாலா எழும்பி வந்து கை நீட்டினாள், பிள்ளையைத் தா என்று.

“கிறேஸ் எங்கை?”

ஜெ. சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான்தான் கதைச்சனான். அவவும் ஓமெண்டவ. அம்மாவும் பாவமெல்லே, இந்த நேரத்தில ஏன் பிரச்சினை.”

பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டி, பஸ் பிந்தியிருக்கும் என்று எனக்கு ஆறுதல் வேறு! மாமியாவது முகத்துக்கு நேரே சொன்னார். இந்த மனிசனோடு ஐந்து வருடம் ஒரே கோப்பையில் சோறு சாப்பிட்டிருக்கிறேன்.

குருவானவருக்கு எங்கள் தமிழ் விளங்கவில்லை. சிரித்துக்கொண்டு நின்றார். “இன்றைக்கு இல்லை, மன்னியுங்கோ” என்று அவருக்கு இங்கிலிஷில் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாயிருந்தது. தம்பியைச் சட்டையோடு கோட்டுக்குள் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தேன். பின்னால் மாமி: “அவரைத் தாட்ட ஈரம் காயேல்லை, உதென்ன கூத்து!” ஜெ. கூப்பிடவும் இல்லை, வரவும் இல்லை.

பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி லேஸைத் தொட்டுப் பார்த்து, வடிவு என்றாள். தலையாட்டினேன்.

சாமுவேல்தான் கதவைத் திறந்தார். விலகி வழிவிட்டார். கிறேஸ் வீட்டுச் சட்டையோடு குசினியில்.

“ஜெயன் அண்ணை உங்களோடையும் கதைச்சிட்டுத்தான் போன் எடுக்கிறன் எண்டவர்” என்றாள்.

“பொய்.”

“ஓம்” என்றாள்.

தம்பியை அவளிடம் நீட்டினேன். என்னைக் காண முதலே அவனைப் பறிக்கிறவள், கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

“பிள்ளை நித்திரை அக்கா. நீங்களே வைச்சிருங்கோ.”

அவன் நித்திரை இல்லை. கண்ணை முழுக்கத் திறந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.