சுறா எண்ணெய் பூசிய கார்

ஊர்காவற்றுறை,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள நிருபன் அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதீர்கள். கார் திருத்தும் கராச்சில் உங்களோடு வேலை செய்யும் கிறிஸ்தோப்பர் அண்ணாவுக்கும் வேண்டாம். அவர் அப்பாவோடு போனில் கதைக்கிறவர், வாய் தவறிச் சொல்லிவிடுவார். காற்று என்று அப்பா இன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. பக்கத்து அறையில் இருமுவது கேட்கிறது. போர்வைக்குள் ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். என்னோடு படிக்கும் துசாராவின் சித்தி நாளைக்கு வவுனியா வருகிறாவாம், அவவிடம் கொடுத்துவிடுவேன்.

தம்பி டிலோன் சுகம். முதலில் அதைச் சொல்ல வேண்டும். ஆசுப்பத்திரியில் ஒரு இரவுதான் வைத்திருந்தார்கள். இப்போது சாப்பிடுகிறான், விளையாடுகிறான். காரைக் கண்டால் மட்டும் அம்மாவின் சீலைக்குள் ஒளிந்துகொள்கிறான். அம்மாவுக்குக் கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. எனக்குப் பரீட்சை வருகிறது. படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்ததை அப்பா உங்களுக்குப் போனில் ஏச்சாகத்தான் சொன்னார். உண்மையில் நடந்தது இது. நெடுந்தீவுப் படகுக்கு வாடகைக்கு ஏற்றின ஆட்களைக் குறிகட்டுவான் துறையில் இறக்கிவிட்டு, அவர்களுடைய அரிசி மூட்டையைத் தூக்கிக் கொடுக்க அப்பா இறங்கினார். கார்த் திறப்பும் றிமோட்டும் உள்ளே கிடந்தன. டிலோன் பின் சீற்றில் நித்திரை. அப்பா தன் பக்கக் கதவைச் சாத்தினார். நாலு கதவும் தானாகப் பூட்டிக்கொண்டன. நல்ல வெயில். மூன்று வயதுப் பிள்ளைக்கு உள்ளே இருந்து திறக்கத் தெரியுமா? கடைசியில் அப்பா கல்லால் கண்ணாடியை உடைத்துத்தான் அவனை எடுத்தார்.

நாலு கதவையும் ஒன்றாகப் பூட்டும் அந்தச் சென்ரர் லொக்கைக் காருக்குப் பொருத்தினது நீங்கள் என்றபடியால் எல்லாப் பழியும் உங்களுக்கு. "பழங்காருக்கு உந்தப் பவிசு என்னத்துக்கு எண்டு அப்பவே கேட்டனான். அவன் இனி இந்த வாசல் மிதிக்கக் கூடாது" என்றார். உங்கள் நம்பரையும் அழித்துவிட்டார். கார் திருத்தும் உங்கள் ஆயுதப் பெட்டியைக் கிணற்றுக்குள் போட்டார். சிவப்பு ஒட்டு ரேப் சுற்றிய குறடு மட்டும் என் புத்தகப் பையில் கிடந்து தப்பியது. "பிள்ளையைக் கொல்லப் பார்த்தேனே" என்று நீங்கள் அழுததாகத் துசாராவின் சித்தி சொன்னா. அதைக் கேட்ட நாள் தொடக்கம் எனக்குப் புத்தகத்தில் மனம் ஓடவில்லை.

கார் பூவரசுக்குக் கீழே நிற்கிறது. உடைந்த கண்ணாடிக்குச் சாக்குக் கட்டியிருக்கிறார்கள். பின்னேரங்களில் அப்பா நித்திரை கொள்ளும்போது அந்தச் சாக்கை விலக்கிக் கையை விட்டுத் திறப்பேன். நீங்கள் வேலை செய்தபோது ரோச் பிடித்தவள் நான்தானே. ஆனால், அண்ணா, இவ்வளவு எரிச்சல் பிடித்த சாமானை நான் கண்டதில்லை! பியூசைக் கழற்றி மாட்டினேன், ஒன்றுமில்லை. பின் கதவுகளின் வயரைக் கழற்றிப் பார்த்தேன், அப்போதும் பூட்டியது. யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் லொக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுது என்று புதிதாய்ப் போட்டாரே, அதுவும் பிழையில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். கதவின் உள் அட்டையைத் திரும்பப் பொருத்தி முடித்ததும் டக் என்று நாலும் விழும். நேற்று கோபத்தில் கார்ச் சில்லுக்கு உதைத்து என் கால்தான் வீங்கியது.

பிறகுதான் கவனித்தேன். சாரதிப் பக்கக் கதவை அரைவாசி சாத்தும்போது மட்டும்தான் அது துள்ளுகிறது. அந்தக் கதவில் இருப்பதுதான் மற்றக் கதவுகளுக்குக் கட்டளை கொடுக்கிறது என்று நீங்கள் சொல்லித் தந்தது நினைவு வந்தது. கதவு காரோடு சேரும் பிணைச்சலுக்குப் பக்கத்தில் வயர் போகும் றப்பர் குழாயை இழுத்தேன். தேத்தண்ணியில் ஊறின பாண் மாதிரிக் கையோடு வந்தது. ஒரே சுறா எண்ணெய் மணம்.

விளங்குகிறதா? வள்ளத்துக்குப் பூசி மிஞ்சும் எண்ணெயை அப்பா கார்க் கதவுக்கும் பிணைச்சலுக்கும் பூசுகிறவர் அல்லவா. "உப்புக் காத்துக்கு இதை விட்டால் வேறை மருந்தில்லை, பிள்ளை" என்பார். பட்டணத்து ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணை, இது காரோ வள்ளமோ?" என்று பகிடி பண்ணுவார்கள். நீங்கள் போன பிறகு இன்னும் கூடப் பூசினார். றப்பர் ஊதிக் கிழிந்துவிட்டது. மீன் மணத்துக்கு எலி வந்து வயரைக் கடித்திருக்கிறது. கறுப்பு வயரும் மண்ணிற வயரும் தோல் போய்ச் செம்பு தெரிகிறது. கதவு அசைய இரண்டும் முட்டும், முட்டினால் பூட்டும். அவ்வளவுதான், அண்ணா. உங்கள் வேலையில் ஒரு பிழையும் இல்லை. கடித்த துண்டை வெட்டி இதற்குள் வைத்திருக்கிறேன். எலியின் பல் அடையாளத்தை நீங்களே பாருங்கள்.

இன்றைக்குப் பின்னேரம் வயரை இணைத்து ரேப் சுற்றினேன். கதவை எப்படி அடித்தும் பூட்டவில்லை. கதவில் உள்ள பூட்டுக் குமிழை அமத்தினால் மட்டும் பூட்டுகிறது. ஆனால் நாளைக்கு வல்லிபுரம் மாமா வந்து எல்லா வயரையும் வெட்டி எறியப் போகிறார், அப்பா வரச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நான் எதைக் காட்டிச் சொல்வது? அம்மாவிடம் சொன்னேன். "வாயைப் பொத்திக்கொண்டு படி. பிள்ளையைப் பூட்டினது உங்கடை எண்ணெய்தான் எண்டு அந்த மனிசனுக்கு ஆர் சொல்லுறது?" என்றா. எனக்கும் பயம். அடிப்பார் என்ற பயம் இல்லை. அன்றைக்கு ஆசுப்பத்திரி விறாந்தையில் அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை நீங்கள் காணவில்லை.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். பெருநாளுக்கு வாருங்கள். அவர் ஏசட்டும், வாசலில் நில்லுங்கள். உங்கள் வாயால் கேட்டால்

அண்ணா, வெளியே டக் என்று கேட்டது. நாலு கதவும் ஒன்றாக. திரும்பவும். ஒவ்வொரு நாளும் கழற்றிவைக்கும் பியூசை இன்றைக்கு நான் கழற்றாமல் வந்துவிட்டேன். உங்கள் சிவப்பு ரேப் குறடும் முன் சீற்றில் கிடக்கிறது.

யாரோ குமிழை இழுத்து இழுத்து அமத்துகிறார்கள். கதவை அடித்துப் பார்க்கிறார்கள். பூட்டவில்லை. இருமல் சத்தம், அப்பாதான். காலடிச் சத்தம் வீட்டுக்குள் வருகிறது.

என் அறைக் கதவைத் தட்டுகிறார். சத்தம் போடவில்லை, அண்ணா. மெதுவாகத்தான் கேட்கிறார். "நிருபன் வந்து நிக்கிறானோ, பிள்ளை?" என்று. நான் என்ன