டென்ஷனர் மாத்தியாச்சு

விவியனோட அப்பாவுக்கு,

நீங்க விட்டுட்டுப் போன காரு ஓடுது. டைமிங் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர்தான் தேஞ்சு போயிருந்துச்சு. பட்டறை சலாவுதீன் பாய் பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல, நானே புதுசைப் போட்டேன். இன்ஜினைக் கையாலேயே ரெண்டு சுத்து சுத்திப் பார்த்துட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணேன்.

"எத்தனை மாசமா சத்தம் வருது?"ன்னு பாய் கேட்டாரு. சத்தம் வந்தப்பல்லாம் நீங்க ரேடியோவைக் கூட்டி வச்சதை நான் சொல்லல. நானும் பக்கத்துலதானே பேசாம உட்கார்ந்திருந்தேன்.

கார் ஓடல, சரியாகுற வரைக்கும் அங்க இருக்கோம்னு காரணம் சொல்லித்தானே பிள்ளையையும் கூட்டிக்கிட்டு சுங்கை சோவுல உங்க அக்கா வீட்டுக்குப் போனீங்க? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வரேன். அவ ஸ்கூல் பையை எடுத்து வைங்க.

நீங்களும் வரதா இருந்தா ஏறிக்குங்க. ஆனா கோலா சிலாங்கூர்ல நம்ம வீடு வந்து சேர்ற வரைக்கும் ரேடியோ போட மாட்டேன்.

இப்படிக்கு,
பிள்ளையோட அம்மா