பொட்ஸ்வானாவில் உங்கள் ஆட்டத்திவசம்

அன்பான இஞ்சாருங்கோ,

கல்யாணம் கட்டிய நாள் முதல் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இனியும் அந்தத் துணிவு வராது. இப்படியே தொடங்குகிறேன். அங்கே கேட்கும்தானே?

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நாம் இருவருமாகப் போவதற்குப் பதிந்து வைத்த பயணத்தை நான் தனியே போய் முடித்துவிட்டு வந்திருக்கிறேன். கேப் டவுனில் சுற்றுலா லொறி ஏறி, நமீபியா கடந்து, பொட்ஸ்வானா வழியாக விக்டோரியா நீர்வீழ்ச்சி வரை. லொறி நிறைய இளம் பிள்ளைகள், நடுவில் முழங்கால் தைலத்தோடு நான் ஒருத்தி. கூடாரம் அடிக்கக்கூடப் பழகிவிட்டேன். சிரிக்காதீர்கள்.

ஊரில் சண்டை நின்று சமாதானக் காலம் வந்ததும், லண்டனில் நாம் இருந்த மிச்சம் பகுதிச் சனமெல்லாம் ஊருக்கு டிக்கெட் போட்டது. நீங்கள் மட்டும் பருந்து பார்க்க ஆபிரிக்கா என்றீர்கள். "இவருக்கு மண்டை கழண்டுபோச்சு" என்று கடையில் உங்கள் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். பஸ் டிப்போவுக்கு மேலே ஒரு வல்லூறு நின்றால் ஷிப்ட்டையும் மறந்து அண்ணாந்து நிற்கிற மனிதர் வேறு என்ன செய்வார்? பிறகு ஒரு காலை நீங்கள் எழும்பவேயில்லை. பயணத்தை நிறுத்தச் சொல்லி எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை, பயண நாளைத்தான் தள்ளிப் போட்டேன்.

அதிலும் ஒரு கோளாறு. ஆங்கிலத் தேதியைப் பார்த்து, உங்கள் முதல் வருடத் திவசமான ஆட்டத்திவசத்துக்கு முன்னமே திரும்பிவிடுவேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். திதி முந்தி வருகிறது என்பது ரெய்னர்ஸ் லேன் வீட்டில் உங்கள் அக்கா பஞ்சாங்கத்தை விரித்தபோதுதான் தெரிந்தது. அப்போது நான் பெட்டி அடுக்கியாகிவிட்டது.

"வருசம் திரும்ப முதல் தம்பியின்ரை மனிசி ஊர் சுத்தப் போறா. பிள்ளை குட்டியும் இல்லை. அவனுக்கு ஆர் சோறு வைக்கிறது?" என்று உங்கள் அக்கா, என் மச்சாள், சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"நான் வைப்பன் மச்சாள். எங்கை நிண்டாலும் வைப்பன்."

"அங்கை காகம் இருக்கோ?"

அதோடு பேச்சு நின்றது. பிறகு நான் அடித்த போனையும் அவர் எடுக்கவில்லை. லண்டனில் எனக்கென்று இருந்த ஒரே உறவு வீடு அது. அதையும் தொலைத்துவிட்டுத்தான் போகிறேனோ என்று விமானம் முழுக்க யோசித்தேன்.

ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் உண்மை. நமீபியாவின் நீண்ட தெருவில் தந்திக் கம்பங்களில் சாம்பல் நிற வல்லூறுகள் குந்தியிருந்தன. வால் இருக்கிறதோ இல்லையோ என்று தேட வைக்கிற அந்தக் கழுகையும் கண்டேன். கயிற்றில் நடக்கிறவன் கம்பைப் பிடித்துச் சரிவதுபோல இடமும் வலமும் ஆடி ஆடிப் போனது. பிள்ளைகளெல்லாம் யானையைப் படம் எடுக்க, நான் உங்கள் பைனாகுலரோடு மறுபக்கம் திரும்பி நின்றேன். யானைக்கே கோபம் வந்திருக்கும். மேலே பார், மேலே பார் என்று இத்தனை வருடமும் எனக்குக் கரைச்சல் கொடுத்தீர்களே, அதற்கு நன்றி. வெறுங்கண்ணோடு போயிருந்தால் வெயிலையும் புழுதியையும் மட்டும் கண்டு திரும்பியிருப்பேன்.

திதியன்று மாவுன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை முகாமில் நின்றோம். லொறி ஓட்டுகிற தாபோ என்னை ‘ம்மா’ என்பார். அங்கே அது மரியாதை. விஷயத்தைச் சொன்னதும் அடுப்பை எனக்கு விட்டுத் தந்தார். முகாமில் சோளம் இடிக்கிற பெண்கள் உரலும் உலக்கையும் தந்தார்கள். ஊறிய கடலைப்பருப்பை அதில் இடித்து வடை சுட்டேன். லண்டனிலிருந்து கொண்டுபோன தூளில் பூசணிக்காய்க் கறி, பருப்பு, சோறு. குளித்து, திருநீறு பூசி, தகரத் தட்டில் படைத்து மரக்குற்றியில் வைத்துக் ‘கா கா’ என்று கூப்பிட்டேன். அந்த ஊர்க் காகம் வெள்ளைப் பெனியன் போட்டது. இரண்டு வந்து கொப்பில் குந்தித் தலையைச் சாய்த்துப் பார்த்தன.

அவை இறங்க முதல் எங்கிருந்தோ ஒரு மஞ்சள் அலகுப் பருந்து விழுந்தது. தட்டுக் கவிழ்ந்தது. வடையை நகத்தில் கொளுவிக்கொண்டு பருந்து போய்விட்டது. வெருண்ட காகங்கள் திரும்பி வரவேயில்லை.

தாபோ ஓடிவந்து, இந்தப் பருந்துகள் கையிலிருப்பதையே பறிக்கும், முதலே சொல்லியிருக்க வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டார். நான் மண்ணில் கிடந்த சோற்றை அள்ளிக்கொண்டே அழுதேன். காகம் எடுக்காவிட்டால் செத்தவர் ஏற்கவில்லை என்பார்களே. என்னில் கோபமா? நான் வந்தது பிழையா?

மறுநாள் மாவுன் கடைத்தெருவில் ஒரு போன் பெட்டியைப் பிடித்தேன். காகம் எடுத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் அலுவல் முடிந்தது. பொய் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இந்த முறை மச்சாள் போனை எடுத்து ‘ஹலோ’ என்ற குரல் அப்படியே உங்களுடையது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன்.

மச்சாள் ஒன்றைத்தான் கேட்டார்.

"வடையை மட்டுமோ எடுத்தது?"

"ஓம் மச்சாள். சோத்தைத் தொடேல்லை."

பிறகு ஒரு விம்மல் கேட்டது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "அம்மா படைக்க முதலே வடையைக் களவெடுத்துக்கொண்டு ஓடுறவன் அவன். அடி எனக்குத்தான் விழும். அது அவன்தான், பவானி."

இத்தனை வருடமும் நான் அவருக்குத் தம்பியின்ரை மனிசி. அன்றுதான் பவானி ஆனேன்.

அந்தப் பருந்து நீங்கள்தானா என்று எனக்குத் தெரியாது. உங்களைக் கேட்டால், முகாம்களில் அதற்குப் பழகிப்போன இரை அது என்று விளக்கம் சொல்லி என் வாயை அடைப்பீர்கள். எதுவானாலும் சரி, கோடி நன்றி. ஹீத்ரோவில் உங்கள் அக்கா பிளாஸ்கில் தேத்தண்ணியோடு நின்றார். மிச்சம் வீட்டுக்குப் போக விடவில்லை, தன் வீட்டுக்கே கூட்டிப்போய்ச் சோறு தந்தார். "அடுத்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போவீரோ?" என்றும் கேட்டார்.

ஒக்ஸ்போர்ட் பக்கத்து மலைச்சரிவில் செம்பருந்துகள் பறக்கின்றன என்பீர்களே, முதலில் அங்கே அவரைக் கூட்டிப்போகிறேன். முழங்கால் ஏலாத இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நடப்போம். உங்கள் அக்காவைத் தனிய விடமாட்டேன், இது சத்தியம். உங்களுக்குச் சோறு வைக்க இனி நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.

உங்கள் மனைவியும்
உங்கள் அக்காவின் மச்சாளுமான
பவானி